ஈரத் தோலும் இருமலும்

என் வீட்டுக்காரர் கிதர் முகம்மதுவுக்கு நுரையீரல் வெடித்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பி, வெள்ளைச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். என்னங்க, என்ன செய்யுது என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்குகிற மனுஷன் பேசாமல் தலையாட்டினால் விஷயம் பெரிது என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர் தம்பி முகமது பாரூக்கைக் கத்திக் கூப்பிட்டு, ஆட்டோ பிடித்து, பேகம்பூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அது இரண்டாயிரத்து நாலாம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு.

படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது நுரையீரலின் மேல் பக்கத்தில் திராட்சைக் குலை மாதிரி காற்றுக் கொப்புளங்களாம். அதில் ஒன்று வெடித்து, காற்றெல்லாம் நெஞ்சுக்கூட்டுக்குள் நிறைந்து, நுரையீரலையே அமுக்கிவிட்டதாம். எல்லாம் பீடி செய்த வேலை. நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் ஊற்றிய ஒரு குப்பிக்குள் விட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள். அவர் மூச்சு விடும்போதெல்லாம் அந்தத் தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. குமிழி வருகிற மட்டும் உள்ளே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், நின்றால் ஓட்டை அடைத்துக்கொண்டது என்று அர்த்தம் என்று சிஸ்டர் செபாஸ்தியம்மாள் எனக்கு விளக்கினார். அகரத்திலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருகிற அம்மா. என்னைப் போலவே பட்டுப் பட்டென்று பேசுவார், அதனால் முதல் நாளே எங்களுக்கு ஒத்துப்போய்விட்டது.

நாள் ஓடியது, குமிழி நிற்கவில்லை. நானும் கட்டிலுக்குக் கீழே குனிந்து குனிந்து பார்த்து இடுப்பு ஒடிந்தேன். மகள் நஸீரா ஒட்டன்சத்திரத்தில் கைக்குழந்தையோடு இருந்தாள். அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை வருகிற நெஞ்சு ஆபரேஷன் டாக்டர் பிராங்கிளின் வந்து பார்த்தார். ஆள் இளவயசு, அமைதியான பேச்சு. கொப்புளம் இருக்கிற பகுதியை வெட்டி எடுத்துவிட வேண்டும், விட்டால் மறுபடி மறுபடி வெடிக்கும், அடுத்த முறை ஆஸ்பத்திரி வந்து சேர்கிற வரை உயிர் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

வெட்டின இடத்தை எப்படித் தைப்பீர்கள் என்று கேட்டார் இவர். மூச்சு விடவே முடியாதவருக்கு அதெல்லாம் எதற்கு? ஆனால் டாக்டர் சலித்துக்கொள்ளவில்லை. மேஜை மேல் கிடந்த பேப்பரைக் கிழித்துத் தண்ணீரில் நனைத்து, மடித்து, ஆபீஸில் பின் அடிக்கிற ஸ்டேப்ளரால் ஒரு பின் அடித்தார். லேசாக இழுத்தார். பின் இருந்த இடத்தில் பேப்பர் கிழிந்து கையோடு வந்தது. உங்கள் நுரையீரல் இப்போது இப்படித்தான் இருக்கிறது என்றார். பிறகு இன்னொரு ஈரப் பேப்பரை எடுத்து, மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி, கீழே ஒரு துண்டு பிளாஸ்திரி வைத்துப் பின் அடித்து இழுத்தார். கிழியவில்லை. நுரையீரலை வெட்டும் மிஷினே வரிசையாகப் பின்னும் அடித்துவிடும், அந்தப் பின் சதையை அறுக்காமல் இருக்க இரண்டு பக்கமும் இதே மாதிரி ஒரு பட்டை வைத்து அடிப்போம், காற்றும் கசியாது என்றார்.

பட்டை எதில் செய்தது என்று நான் கேட்டேன். எங்கள் வீட்டில் அதைக் கேட்காமல் எப்படி இருக்க முடியும்? மாட்டு இருதயத்தைச் சுற்றி ஒரு சவ்வு இருக்குமே, அதுதான் என்றார் டாக்டர். பன்றி இல்லையே என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டுக்கொண்டேன். பாரூக் பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடமும் கேட்டு வந்துவிட்டான். உயிரைக் காப்பாற்றுகிற வைத்தியம், தாராளமாகச் செய்யுங்கள் என்று அவர் துஆவும் செய்து அனுப்பினார். சரி, தடை ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடுங்கள் என்று இவர் முகத்தைப் பார்த்தால், மனுஷன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"அந்தத் தோல நான் பாக்கணும்."

இவர் வேலை என்னவென்று சொன்னால்தான் இது புரியும். இவர் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற கம்பெனியில், தோலைத் தரம் பிரிக்கிறவர். வருகிற ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார், பெருவிரலால் நீவுவார், ஓரத்தை இழுத்துப் பார்ப்பார், அப்புறம்தான் இது முதல் தரம், இது கழிவு என்று சொல்லுவார். கைக்கு வராத சரக்குக்கு வாயைத் திறக்கமாட்டார். இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கத்திரிக்காயை அமுக்குவார், எனக்கு எடுக்கிற சேலையை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். வாழ்க்கையிலேயே தொட்டுப் பார்க்காமல் சம்மதம் சொன்னது இந்த ஆரிபா ஒருத்திக்குத்தான், அதில்தான் ஏமாந்துபோனேன் என்று என் முன்னாலேயே ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்.

அந்தப் பட்டை சென்னையிலிருந்து கூரியரில் வருகிறது, கிருமி படாமல் சீல் வைத்த கவருக்குள் இருக்கும், ஆபரேஷன் தியேட்டருக்குள்தான் பிரிக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். பாக்காத தோலுக்கு நான் எப்படிச் சரின்னு சொல்றது என்று இவர் ஒரே பிடியாக நின்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஜாதி. டாக்டர் போன பிறகு நான் கிழி கிழி என்று கிழித்தேன். இது என்ன செருப்புக்கு வாங்குகிற தோலா, உயிர் போகிற நேரத்தில் தரம் பிரிக்கிறீர்களே என்று கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தொப்பம்பட்டிக்காரர் பொம்மையன், "ஏனுங்க, அந்தம்மா சொல்றதுதானுங்க சரி" என்று எனக்காகப் பேசினார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபத்தில் திரும்பியதாக முதலில் நினைத்தேன். செத்த நேரம் கழித்துப் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் கண்ணோரம் ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். தோல் ஒரு சாக்கு, மனுஷன் பயந்துபோய்க் கிடக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. திட்ட வாய் வரவில்லை. தலையைத் தடவிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

மறுநாள் மத்தியானம் பாரூக் தூக்குச்சட்டியோடு வந்தான். சோறும் வெஞ்சனமும் என்று நினைத்து நான் திறந்தேன். அல்லாவே! உள்ளே உப்புத் தடவி, மடித்து, வாழையிலையில் பொதிந்த ஒரு வெள்ளைச் சவ்வு. அண்ணனும் தம்பியும் எனக்குத் தெரியாமல் பேசிவைத்துச் செய்த காரியம். இவர் சொல்லியனுப்பி, பாரூக் கறிக்கடையில் நின்று, நல்ல இளங்காளையாகப் பார்த்து, இருதயத்தின் மேல் சவ்வைக் கத்தி படாமல் உரித்து வாங்கி வந்திருக்கிறான். "சென்னையிலருந்து எதுக்கு மதினி வரணும், நம்ம ஊர்ல இல்லாததா?" என்றான். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்குப் பழம் வாங்கி வருவார்கள், ஹார்லிக்ஸ் வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டு ஆம்பளைகள் மாட்டு நெஞ்சுச் சவ்வு வாங்கி வருகிறார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

நான் தூக்குச்சட்டியை மூடி ஒளித்துவைப்பதற்குள் டாக்டர் பிராங்கிளின் உள்ளே வந்துவிட்டார். அன்றைக்கு அவர் வருகிற நாளே இல்லை, வேறு யாருக்கோ அவசரம் என்று வந்திருக்கிறார். என்னம்மா வாசம் என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. பாரூக் பெருமையாக எடுத்து நீட்டினான். டாக்டர் சிரிப்பார், இல்லாவிட்டால் எல்லோரையும் வெளியே அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் கையுறை மாட்டிக்கொண்டு அந்தச் சவ்வை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். இவர் குழாயோடு எழுந்து உட்கார்ந்து, நுனியைப் பெருவிரலால் நீவினார். மெல்லிசு, ஆனால் இழுவைக்குக் கொடுக்குது, நல்ல சரக்குதான் என்றார். டாக்டரும் ஆமாம், நல்ல சரக்கு என்று ஒத்துக்கொண்டார்.

அப்புறம் டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இதைப் பச்சையாக உள்ளே வைக்க முடியாது, உடம்பு ஏற்காது, அழுகிப்போகும், கிருமியும் வரும், அதனால் கம்பெனியில் இதே சவ்வை மருந்தில் ஊறவைத்துப் பக்குவம் செய்து அனுப்புகிறார்கள் என்றார். இவர் முகம் மாறியது. என்ன மருந்து என்று கேட்டார். டாக்டர் ஏதோ வாயில் நுழையாத பேர் சொன்னார். எனக்குத்தான் அது நுழையவில்லை, இவருக்கு நுழைந்தது. கம்பெனியில் அந்தப் பேர் எழுதின டிரம் நிற்கிறதாம், தோலை மிருதுவாகப் பதனிட அதையும் சேர்ப்பார்களாம்.

"அப்ப அது பதம் போட்ட தோலா டாக்டர்? இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். டாக்டர், நானும் இன்றைக்குத்தான் அப்படி யோசிக்கிறேன் என்று சிரித்தார். இவர் கையெழுத்துக்குக் கையை நீட்டினார். எனக்கு அந்த டாக்டரை என் தம்பியாகத் தத்தெடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. பாரூக்கிடம் மட்டும் அந்தத் தூக்குச்சட்டியை இனி என் அடுப்படிக்குள் கொண்டுவந்தால் காலை ஒடிப்பேன் என்று சொல்லிவைத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. வெட்டி எடுத்து, பட்டை வைத்துப் பின் அடித்தாயிற்று, இனி நுரையீரல் நன்றாக விரிய வேண்டும், அதற்கு இருமிச் சளியைத் துப்ப வேண்டும், இருமும்போது குப்பியில் குமிழி வராமல் இருந்தால் தையல் பிடித்துவிட்டது என்று நம்பலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் மதுரைக்குக் கிளம்பினார். இவர் வார்டுக்கு வந்தார். கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்துச் சிரித்தார், பேசவில்லை. வலி இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாளும் பேசவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. மல்லாந்து, கட்டை மாதிரி கிடக்கிறார். மூச்சை மேலாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கிறார். தொண்டைக்குள் சளி கரகரவென்று இருப்பது எனக்கே கேட்கிறது. இருமல் வருகிறது, கண் பிதுங்குகிறது, மனுஷன் பல்லைக் கடித்து அதை விழுங்குகிறார். வலிக்கு ஊசி போட்டும் அப்படித்தான். செபாஸ்தியம்மாள் கெஞ்சினார், மிரட்டினார், இவர் தலையைக்கூட ஆட்டவில்லை. சாயங்காலம் உடம்பு சுட்டது. டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்த செபாஸ்தியம்மாளின் முகம் சரியில்லை. சளி தங்கிக் காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது, இப்படியே போனால் தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சு மிஷினில் போட வேண்டிவரும், இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு மிஷினுக்குப் போனால் திரும்பி வருவது கஷ்டம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ரப்பே, என் உயிரே என்னிடம் இல்லை.

நான் போய் அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்து, ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் கிசுகிசுவென்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஈரத் தோல... பலகையில விரிச்சு... ஆணி அடிச்சாச்சு. காயிற மட்டும்... அசைக்கக்கூடாது. அசைச்சா... ஆணி போட்ட எடம் கிழியும்."

இதுதான் விஷயம். கம்பெனியில் பதம் போட்ட ஈரத் தோலைப் பலகையில் இழுத்து ஆணி அடித்து வைப்பார்கள். அது காய்ந்து பிடிக்கிற வரை ஒருவனும் கிட்டே போகக்கூடாது, இவர் போகவிடமாட்டார். தன் நெஞ்சுக்குள் இருக்கிற பட்டையும் அப்படித்தான் என்று முடிவு கட்டி, அது காயட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காவல் கிடக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நெஞ்சுக்குள் எந்த வெயில் அடிக்கிறது, அது எப்போது காய்வது? இதில் பாரூக் வேறு, அண்ணன் சொல்றதும் ஒரு கணக்குக்குச் சரிதானே மதினி என்று ஆரம்பித்தான். நான் பார்த்த பார்வையில் தண்ணீர் வாங்கிவரப் போய்விட்டான்.

செபாஸ்தியம்மாள் சொன்னார், அது காய வேண்டிய தோல் இல்லை, உள்ளே அடித்த உடனே பிடித்தாயிற்று என்று. இவர் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதையும் சொன்னோம், கேட்கவில்லை. ஒரு ஆளின் கை முப்பது வருஷமாகக் கற்றுக்கொண்டதை நம்முடைய வாய் ஒரு சாயங்காலத்தில் மாற்றிவிடுமா?

அப்போது செபாஸ்தியம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தார். பேசி ஆகாது, நீங்கள் வந்து பிடியுங்கள் என்றார். இவரை மெல்லத் தூக்கி உட்காரவைத்தார். வெட்டின இடத்தை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்க வேண்டும், ஒரு கை முன்னால் நெஞ்சில், ஒரு கை பின்னால் முதுகில், அழுத்தமாக, இருமுகிற போது விடவே கூடாது, அப்படிப் பிடித்தால் இழுக்காது, வலியும் தெரியாது என்று சொல்லிக்கொடுத்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது ஆம்பளை வார்டு. சாயங்காலம் நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் வரிசையாக நிற்கிற நேரம். எங்கள் பக்கம் புருஷனும் பொண்டாட்டியும் தெருவில் சேர்ந்து நடந்தாலே இரண்டு முழம் தள்ளித்தான் நடப்போம். என் மாமியார் இருந்தவரை இவர் கையில் நான் காபித் தம்ளரைக்கூட நேராகக் கொடுத்தது கிடையாது, கீழே வைப்பேன், இவர் எடுத்துக்கொள்வார். இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சிஸ்டர் என்றேன். செபாஸ்தியம்மாள் இவருடைய நெற்றியைக் காட்டினார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது.

நான் தலைத்துணியை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கையை நெஞ்சில் வைத்தேன், ஒரு கையை முதுகுப் பக்கம் கொடுத்தேன். காய்ச்சல் உள்ளங்கையைச் சுட்டது. இருதயம் அடிப்பது கைக்குத் தெரிந்தது. பொம்மையன் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், பாவம். மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கண்ணில் பயம் அப்படியே தெரிந்தது.

என் வாய்க்குப் பேசத் தெரியாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். இத்தனை வருஷத்தில் அதைச் சொன்னதே இல்லை, திட்டத்தான் தெரியும். அவர் காதில் சொன்னேன்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. நீங்க இல்லாத வீட்டுக்கு நான் போகமாட்டேன். கிழிஞ்சா என் கைக்குள்ளதான கிழியும். நான் பிடிச்சிருக்கேன். இருமுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தன் இரண்டு கைகளையும் தூக்கி, நெஞ்சில் இருந்த என் கையின் மேல் வைத்தார்.

"அழுத்திப் பிடி ஆரிபா."

நான் என் பலத்தையெல்லாம் கொடுத்து அணைத்தேன். அவர் இருமினார். முதலில் சின்னதாக ஒன்று. அப்புறம் அடக்கிவைத்த அத்தனையும் சேர்ந்து, உடம்பே தூக்கிப் போடுகிற மாதிரி இருமல். என் தலைத்துணி நழுவி விழுந்தது. எடுக்கக் கை இல்லை. அவர் துப்பிய சளியைச் செபாஸ்தியம்மாள் கிண்ணத்தில் ஏந்தினார். இன்னும், இன்னும் என்றார். மறுபடி இருமினார். நான் முகத்தை அவர் தோளில் புதைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். குப்பியைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

"தண்ணி ஏறி எறங்குது. குமிழி ஒண்ணுகூட இல்லம்மா. தையல் பிடிச்சிருக்கு" என்றார் செபாஸ்தியம்மாள் கட்டிலுக்குக் கீழேயிருந்து.

இவர் மெதுவாக ஒரு மூச்சு இழுத்தார். முழு மூச்சு. என் கை இரண்டும் விரிந்து விலகுகிற அளவுக்கு அந்த நெஞ்சு நிறைந்தது. போதும்மா, இனி கையை எடுக்கலாம் என்றார் செபாஸ்தியம்மாள். வாசலில் பாரூக் தண்ணீர்ப் பாட்டிலோடு வாயைப் பிளந்து நின்றான். வார்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று நான் கையை எடுக்கவில்லை.